அறுபத்தொரு மூலைகள்

எங்கள் அண்ணிக்கு உலகமே அத்துப்படி. கடல் தாண்டி, மலை தாண்டி, பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஊர்களில்கூட எந்த வீட்டுக்குத் தகரக் கூரை, எந்த வீட்டுக்கு ஓட்டுக் கூரை, எந்தப் பாதை ஆற்றங்கரையில் போய் நின்றுவிடுகிறது என்று பட்டென்று சொல்லிவிடுவார். ஆனால் எங்கள் தெருமுனை மளிகைக் கடையை மூடி இரண்டு வருஷம் ஆகிறது என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சாமானை வாங்கிவந்து கொடுப்பது நான்தானே, எந்தக் கடையாக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது.

கீழ்வீட்டில் நானும் என் மனைவியும். மாடி அறையில் அண்ணனும் அண்ணியும். அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். கட்டிலில் ஒன்பது வருஷமாக அண்ணன். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய், ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. 'சரி'. பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. உன் தம்பி ஒரு மடையன் என்றாலும் சரிதான். மனுஷன் நல்லாயிருந்த காலத்தில் எதற்கும் சரி சொன்னதே இல்லை. எல்லாவற்றுக்கும் சண்டைதான். அந்த ஆளுக்குப் போய் இந்த வார்த்தைதானா மிஞ்சவேண்டும்!

படுத்தே கிடப்பவருக்குப் புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடவேண்டும். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம், மறுபடி மல்லாக்க. அதனால் அண்ணியின் நாள் எல்லாமே இரண்டு இரண்டு மணி நேரத் துண்டுகள்தான். ஒரு கல்யாணத்துக்குப் போகமுடியாது. ஆஸ்பத்திரி வரிசையில் தனக்காக நிற்கமுடியாது. நான் பார்த்துக்கொள்ளக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். எனக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை, எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்திலிருந்து கூப்பிடுவார்கள் என்று தெரியாது என்பேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு அந்த அறைக்குள் போனாலே மூச்சு முட்டும்.

அண்ணி முன்பு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுவதற்கான அளவுக் காகிதம் வரைகிற வேலையில் இருந்தார். கழுத்து வளைவு, கை வளைவு எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் இழுத்துவிடுவார். அந்தக் கை சும்மா இருக்குமா? அண்ணன் படுத்த பிறகு கணினியில் உலக வரைபடம் வரைவதில் முழுமூச்சாக இறங்கினார். யார் வேண்டுமானாலும் சேர்ந்து வரையலாம், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிற வரைபடம் அது. ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதில் தெரிகிற வீடு, ரோடு, வயல், குளம் ஒவ்வொன்றையும் மூலை மூலையாகப் புள்ளி வைத்துக் கோடு இழுத்து, இது வீடு, இது குளம் என்று பெயர் போட்டு ஏற்றவேண்டும். உலகம் பூராவும் இப்படி வரைகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்களாம். அவர்களுக்கு நடுவில் அண்ணிக்குச் செல்லப்பெயர் 'மொட்டைமாடி'. மொட்டைமாடி வரைந்தது என்றால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அவ்வளவு சுத்தமான கோடு. நாற்பதாயிரம் கட்டடத்துக்கு மேல் வரைந்திருந்தார்.

"இதுல உங்களுக்கு என்னதான் கிடைக்குது அண்ணி?" என்று ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன்.

"ரெண்டு மணி நேரம் கிடைக்குது தம்பி" என்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. நான் கீழே இறங்கிவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தைக் கணிக்கிற ஓர் ஆராய்ச்சி நிலையம் அனுப்பியது. விஷயம் இதுதான். செயற்கைக்கோள் சில நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் போய்ப் படம் எடுக்கிறது. அதில் ஒரு சின்னக் கட்டம் என்பது தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். ஒவ்வொரு கட்டமும் வீடா, மரமா, வயலா, தண்ணீரா என்று கணினி சொல்லவேண்டும். அதற்கு யாராவது முதலில் 'இது வீடு, இது தண்ணீர்' என்று பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டுமே! ஊர் ஊராக ஆள் அனுப்பிப் பார்க்க முடியாது. அதனால் தன்னார்வலர்கள் வரைந்த வரைபடத்தையே பாடமாக வைத்துவிட்டார்கள். உதவியவர்கள் பட்டியலில் மொட்டைமாடியும் இருந்தது. அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. என்னை விரட்டி அதை அச்செடுத்து வரச்சொல்லி, அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தார். அண்ணனிடம் வரி வரியாகப் படித்துக் காட்டினார். அண்ணன் எல்லா வரிக்கும் சரி என்றார்.

இதெல்லாம் நல்ல கதை. இனிமேல்தான் வினை.

போன மாதம் எங்கள் வீட்டு வாசலில் ஓர் இன்ஜினியர் வந்து நின்றார். கையில் சுருட்டிய காகிதம், இடுப்பில் பெயிண்ட் டப்பா. ஆற்றங்கரையில் வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டப்போகிறார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் வந்த வெள்ளத்தில் நாங்கள் பட்ட பாட்டுக்குக் கடைசியில் ஒரு விடிவு என்று நானே அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். காகிதத்தை விரித்தார். சுவர் எங்கள் தெருவுக்குப் பின்னால் போகிறது. அதாவது நாங்கள் ஆற்றுப் பக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் ஆறும் நாங்களும்.

"என்ன சார் இது, எங்களை ஆத்தோட சேத்து விட்டுட்டீங்க?"

"இந்த இடம் நீர்நிலைன்னு வந்திருக்குங்க. செயற்கைக்கோள் மேப்லயே தண்ணின்னு காட்டுது. நீர்நிலைய சுவருக்கு உள்ள எடுக்கக்கூடாது, அது விதி."

"அப்போ நீங்க இப்போ தண்ணியிலயா நிக்கிறீங்க?"

அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். தூசிதான் இருந்தது. "எனக்குத் தெரியுதுங்க. வீடு இருக்கு, நீங்க இருக்கீங்க, எல்லாம் தெரியுது. ஆனா ஃபைல்ல தண்ணி. நான் என்ன பண்ணட்டும்? இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை எல்லை முடிவாயிடும். அதுக்குள்ள மேப்ப மாத்தவெச்சா நானும் கோட்ட மாத்திடுவேன்."

அடுத்த வெள்ளம் வந்தால் சுவர் தண்ணீரைத் தடுத்து எங்கள் மேலேயே திருப்பிவிடும். போனமுறை கீழ்வீடு முழுகியது. இந்தமுறை மாடியும் தப்பாது. நான் எங்காவது ஏறிக் குதித்து ஓடிவிடுவேன். கட்டிலில் கிடக்கிறவரை யார் தூக்குவது, எதில் ஏற்றுவது?

மாடிக்கு ஓடிப்போய் அண்ணியிடம் கொட்டினேன். "யாரோ ஒரு அறிவுகெட்ட ஜென்மம் நம்ம தெருவத் தண்ணின்னு வரைஞ்சு வெச்சிருக்கு அண்ணி. கண்டுபிடிங்க, நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளுங்க."

அண்ணி எங்கள் தெருவை வரைபடத்தில் திறந்தார். நான் பார்த்து அதுதான் முதல் தடவை. உலகத்தில் எல்லாத் தெருவையும் வரைந்தவர், சொந்தத் தெருவை மட்டும் தொட்டதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஜன்னலில் தெரிவதைக் கணினியில் எதற்குப் பார்க்கவேண்டும் என்பார். திரை முழுக்க நீலம். எங்கள் தெருவும் பக்கத்தில் இரண்டு தெருவும் குப்பைமேடு வரைக்கும் ஒரே நீலக் குளம். ஓரம் அத்தனை சுத்தம், ஒரே இழுப்பில் இழுத்த மாதிரி. அதைத் தட்டியதும், வரைந்தவர் பெயர் வந்தது. மொட்டைமாடி. அறுபத்தொரு மூலை.

நான் நின்றுகொண்டிருந்தேன். அண்ணி அந்த நீல ஓரத்தை விரலால் தடவினார். பிறகு, "வெள்ளத்தப்போ வரைஞ்சேன்" என்றார்.

எனக்கும் ஞாபகம் வந்தது. வெள்ளத்தின் இரண்டாம் நாள், எல்லாரும் இதே மாடி அறையில் அடைந்துகிடந்தோம். பக்கத்து வீட்டுத் தையல்காரர் கணினிக்குப் பேட்டரி கொடுத்தார். படகு எங்கே போகவேண்டும் என்று தெரிய, தண்ணீர் நிற்கிற இடத்தை எல்லாம் வரைந்து கொடுங்கள் என்று தன்னார்வலர்கள் கேட்டிருந்தார்கள். அண்ணி அப்போதுதான் முதன்முதலாக அந்த வரைபடத்தில் கை வைத்தார். பெயர் போடும் பட்டியலில் வெள்ளம் என்று ஒன்று அவர் கண்ணில் படவில்லை. கிட்டத்தில் இருந்தது நீர்நிலை. அதைப் போட்டார். மூன்றாம் நாள் படகு வந்தது, அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் வந்தது. தண்ணீர் வடிந்ததும் அவரவர் வரைந்ததை அவரவரே அழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. தண்ணீர் வடிந்த அன்றுதான் அண்ணன் கீழே சேற்றை வாரிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். அதற்குப் பிறகு அண்ணிக்கு எந்தக் கோடு ஞாபகம் இருக்கும்?

மற்றவர்களாவது கவனித்திருக்கலாம். ஆனால் அவரவர் ஊரை அவரவருக்கு விட்டுவைப்பது அந்தக் கூட்டத்தில் ஒரு மரியாதை. மொட்டைமாடி வாழ்கிற இடத்தில் மொட்டைமாடியே குளம் என்று வரைந்தால் யார் கேள்வி கேட்பார்கள்? கூடவே இன்னொரு கூத்து. வெள்ளத்துக்கு அப்புறம் ஒழுகாமல் இருக்க நாங்கள் எல்லாரும் மாடித் தளங்களுக்குத் தார் பூசினோம். கறுத்த தரையும் ஆழமான தண்ணீரும் மேலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியுமாம். அண்ணியிடம் பாடம் படித்த கணினி, எங்கள் தார்த் தளங்களைப் பார்த்து, ஆகா குளம் என்று மனப்பாடம் செய்துகொண்டது.

"சரி, அழிச்சிடுங்க. ஒரு பட்டனைத் தட்டுற வேலைதானே?" என்றேன்.

அழித்தார். மறுநாள் காலையில் குளம் திரும்ப வந்திருந்தது. 'பச்சைக்கோடு' என்கிற ஒரு தன்னார்வலர் அதை மீட்டுவைத்து, ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்: "வணக்கம் மொட்டைமாடி. உங்கள் கணக்கை வேறு யாரோ பயன்படுத்துவதாகத் தோன்றுகிறது. நீங்கள் கவனமாக வரைந்த ஒரு நீர்நிலை அழிக்கப்பட்டிருந்தது. செயற்கைக்கோள் வரைபடமும் அதை நீர் என்றே உறுதிப்படுத்துவதால் பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செயற்கைக்கோள் வரைபடம் அண்ணி வரைந்ததைப் பார்த்துத் தண்ணீர் என்கிறது. பச்சைக்கோடு செயற்கைக்கோள் வரைபடத்தைப் பார்த்துத் தண்ணீர் என்கிறார். இன்ஜினியர் இரண்டையும் பார்த்துத் தண்ணீர் என்கிறார். கடைசியில் எல்லாருக்கும் சாட்சி எங்கள் அண்ணிதான், அண்ணி சொல்வதைத்தான் யாரும் கேட்கமாட்டேன் என்கிறார்கள்! லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால், மேலே போகவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது, உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். அந்தக் கதையாக இருந்தது.

"நான்தான் தப்பாப் போட்டேன்னு எல்லாருக்கும் தெரியிற மாதிரி எழுதணும்" என்றார் அண்ணி. "எழுதினா அப்புறம் நான் வரைஞ்சது எதையும் நம்பமாட்டாங்க."

"நம்பாட்டி போறாங்க அண்ணி. வீடு முக்கியமா, அந்தப் பேர் முக்கியமா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என்னைக் குத்துகிறது. எனக்கு வீடு, வேலை, நண்பர்கள், சினிமா, டீக்கடை எல்லாம் இருக்கிறது. அந்த அறைக்கு வெளியே அவருக்கு இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

எழுதினார். ஒரு வரி விடாமல், வெள்ளம், பட்டியல், அண்ணன் சரிந்தது, தார் எல்லாவற்றையும் எழுதினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினார். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பதில் வந்தது. அண்ணி அதைத் தானே படித்துவிட்டு எனக்குச் சுருக்கமாகச் சொன்னார்.

"ஒவ்வொரு மூலையிலயும் போய் நின்னு, உள்பக்கமாப் பாத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பணுமாம். இடம் பதிவாகிற மாதிரி. அறுபத்தொண்ணும் வேணுமாம்."

"அவ்வளவுதானே? நாளைக்கு வியாழன், வெள்ளிதான் கெடு. நான் பைக்க எடுத்தேன்னா ரெண்டே மணி நேரத்துல முடிச்சிடுவேன்."

"இல்ல தம்பி. வரைஞ்சவங்களே போகணுமாம்."

"இது என்ன அநியாயம்! அண்ணனை யாரு பாத்துக்கிறது?"

கேட்டுவிட்டு நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். கட்டிலிலிருந்து அண்ணன்தான், "சரி" என்றார்.

வியாழன் காலை எட்டு மணிக்கு அண்ணி செருப்பை மாட்டினார். ஒன்பது வருஷமாக மாடிப்படிக்கும் குழாயடிக்கும் மட்டும் போன செருப்பு. ஒரு காகிதத்தில் எனக்கு எல்லாம் எழுதிவைத்திருந்தார். எட்டு மணி இடது பக்கம், பத்து மணி மல்லாக்க, பன்னிரண்டு மணி வலது பக்கம். தண்ணீர் கரண்டியில், தலையைத் தூக்கி, அவசரப்படாமல். தலையணை முழங்காலுக்கு நடுவில். வாசல்வரைக்கும் போனவர் திரும்பிவந்து தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

முதல் ஒரு மணி நேரம் ஜாலியாகத்தான் இருந்தது. அண்ணனிடம் பழைய கதை எல்லாம் பேசினேன். எல்லாவற்றுக்கும் சரி. பேச்சு தீர்ந்தது. ஜன்னலில் பார்த்தால் எதிர்வீட்டுச் சுவர். அதில் ஒரு விரிசல். அதையே பார்த்தேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிஷம் போனால், எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிற தகட்டைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் மருந்துப் புட்டியில் இருந்த சீட்டை மூன்று தடவை படித்திருந்தேன். மணி ஒன்பதரைதான் ஆகியிருந்தது.

பத்து மணிக்கு அண்ணனைப் புரட்டினேன். லிஃப்ட் மோட்டாரையே தூக்குகிற கை, எலும்பும் தோலுமான ஒரு மனுஷனைப் புரட்டத் தெரியாமல் திணறியது. ஏதோ இசகுபிசகாக இழுத்திருப்பேன், அண்ணன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வலிக்குதாண்ணே?" என்றேன். "சரி" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. வருஷத்துக்கு எத்தனை என்று கணக்குப் போடப் போய், பயந்து நிறுத்திவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்குப் புரட்டியது கொஞ்சம் தேவலை. சாப்பாடு கொடுத்து, துணி மாற்றி, முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. வெறுமனே உட்கார்ந்திருக்க முடியாமல் அண்ணியின் மேஜைக்குப் போனேன். கணினி திறந்தே இருந்தது. அந்த நிலையத்தின் கடிதம் மேலேயே கிடந்தது. அடுத்தவர் கடிதம்தான், படித்திருக்கக் கூடாது, படித்தேன். மருந்துச் சீட்டைவிட அது மேல் இல்லையா?

"படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்து அனுப்பலாம்" என்று எழுதியிருந்தது.

இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சுறுசுறுவென்று கோபம் ஏறியது. பச்சைப் பொய்! ஒருநாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு நான் இங்கே அடைந்துகிடக்கிறேன், பைக்கில் இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலை! எழுந்து வாசல்வரை போனேன். எங்கே போவது? மணி ஒன்றரை. இரண்டு மணிக்குப் புரட்டவேண்டும். திரும்பிவந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு கோபத்தைத் தேடினால் காணவில்லை. வெட்கம்தான் இருந்தது.

மூன்று மணிக்குக் கணினியில் புதிதாக ஒரு கடிதம் வந்து விழுந்தது. அறுபத்தொரு படங்களும் கிடைத்துவிட்டன. அந்தப் பகுதி குடியிருப்பு என்று திருத்தப்படுகிறது. சுவர் கட்டும் அலுவலகத்துக்கும் இன்றே தகவல் போகிறது. கீழே இன்னொரு வரி: மொட்டைமாடி வரைந்த மற்ற நீர்நிலைகள் எல்லாம் சரிபார்க்கும்வரை பாடத்திலிருந்து நிறுத்திவைக்கப்படுகின்றன. எனக்குத் துள்ளிக் குதிக்கவும் தோன்றியது, அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த அந்தக் காகிதத்தைப் பார்க்கவும் கஷ்டமாக இருந்தது. அண்ணிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போடவில்லை.

ஐந்து மணி தாண்டி அண்ணி படியேறி வந்தார். முகம் வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது. செருப்பு முழுக்கச் சேறு, சேலை ஓரத்தில் முள். நேராகக் கட்டிலுக்குப் போய் அண்ணனின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் தம்பி, தெருமுனைக் கடைய எப்ப மூடினான்?"

"ரெண்டு வருஷம் ஆச்சு அண்ணி."

"சொல்லவே இல்ல?"

"தோணலை அண்ணி. தப்புதான்."

தண்ணீர் குடித்தார். மேஜைப் பக்கம் போய்த் திரையைப் பார்த்தார். அறுபத்தொன்றும் கிடைத்தது என்ற அந்தக் கடிதம் திறந்தே கிடந்தது. நான் மூட மறந்துவிட்டேன். படித்தார், கடைசி வரிவரைக்கும். பிறகு மெதுவாகக் கணினியை மூடினார். என் பக்கம் பார்க்காமல், புடவையில் இருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்:

"இன்னும் மூணு மூலை பாக்கி இருக்கு தம்பி. நாளைக்கும் போகணும்."

எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் கட்டிலிலிருந்து அண்ணன் சொல்லிவிட்டார்.

"சரி."